மோட்டார் நின்ற பெரிய வெள்ளி

பாஸ்கல் எழுந்துவிட்டார் என்பதை ஞானகுமாரி கண்ணைத் திறக்காமலே தெரிந்துகொள்வாள். கொல்லைப் பக்கம் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டும் சலசலப்பு கேட்கும். கேட்டால் அன்றைய பொழுது பரவாயில்லை. கேட்காவிட்டால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவர் ஃபிட்டராக இருந்த கம்பெனி கதவை மூடிய பிறகு வெகு காலம் அந்தச் சுவர்தான் அவருக்கு எல்லாம். குடிக்கவில்லை, கோபப்படவில்லை, யாரையும் திட்டவில்லை. சும்மா படுத்திருந்தார். ஞானகுமாரி காலையில் சோறு வடித்து மூடி வைத்துவிட்டு நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைப்பாள். திரும்பி வரும்போது சோறு மூடியபடியே இருக்கும். கல்யாணமாகி அரக்கோணத்தில் இருக்கும் மகளிடம்கூட இதைச் சொல்லவில்லை. மாதாவிடம் மட்டும் சொன்னாள்.

அப்புறம் ஒருநாள் அவர் தானாக எழுந்தார். எப்போதோ தியானத்துக்குப் போயிருந்த மடத்தில் ஒரு வெளிநாட்டுச் சகோதரர் செய்து வைத்திருந்தது நினைவுக்கு வந்ததாம். ஒரு தொட்டியில் மீன். அந்த மீன் இருக்கும் அழுக்குத் தண்ணீரை மேலே ஏற்றி, ஜல்லி பரப்பிய படுகையில் விட்டால், அங்கே நட்ட செடி அந்த அழுக்கைத் தின்று வளரும். தண்ணீர் சுத்தமாகி மறுபடி மீனிடமே வந்து விழும். மண்ணே வேண்டாம். தண்ணீரும் வீணாகாது. அந்த வருஷம் மழை இல்லை. குழாயடியில் குடங்கள் விடியும் முன்பே வரிசை கட்டின. ஆகையால் ஞானகுமாரிக்கும் அது கெட்ட யோசனையாகத் தெரியவில்லை. கெட்ட யோசனையாக இருந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

கொல்லையில் சிமெண்டுத் தொட்டி எழுந்தது. செம்பரம்பாக்கம் ஏரி வற்றிக் குட்டைகளாகக் கிடந்தது. அதில் துள்ளிய ஜிலேபி மீன்களைக் குடத்தில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். வழியெல்லாம் சிந்தி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினார். பழைய பிளாஸ்டிக் பீப்பாயை நீளவாக்கில் அறுத்து ஜல்லி போட்டார். சவுக்குக் கழி நட்டு மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு சின்னக் கூடாரம் கட்டினார். உடைந்த ஏர்கூலரில் இருந்து ஒரு மோட்டாரைக் கழற்றிப் பழுது பார்த்துத் தண்ணீர் ஏற்ற வைத்தார். அதற்கு சுவிட்ச் சமையலறை ஜன்னல் ஓரம்.

அந்த மோட்டார் போட்ட சத்தம்தான் பெரிய சங்கடம். கர்ர்ர் என்று ஒரே பிடியாக ஓடிக்கொண்டே இருக்கும். வேலிக்கு அப்பால் இருந்த வேம்புலியம்மாள் அதைப் பொறுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து நிலங்களில் நாற்று நட்டவள். நிலமெல்லாம் மனையான பிறகு ஒரு போல்ட் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறாள். வாய் பெரிய வாய்.

"ஏ நைனா! ராவும் பகலும் இன்னாத்த அரைக்கிற அங்க? தலைமாட்ல கல்லு ஒடைக்கிற மாரி கீது!"

"மீனுக்கு மூச்சு வேணும்க்கா. நிறுத்தினா செத்துப்போயிடும்."

"மீனுக்கு மூச்சு வேணும். எனக்கு வோணாமா?"

பாஸ்கல் மோட்டாருக்குச் சாக்கு சுற்றினார். சத்தம் கொஞ்சம் அடங்கினது போல இருந்தது. அடங்கவில்லை. கரண்ட் போய்விட்டால் அவரே குவளையை எடுத்துத் தொட்டியில் மொண்டு ஜல்லியில் ஊற்றுவார், கரண்ட் வரும் வரை. அப்போதும் வேம்புலியம்மாள் வேலி ஓரம் வந்து நின்று சிரிப்பாள். "இன்னா நைனா, மீனுக்குத் தலைக்கு ஊத்திகினு கீறியா? சீக்கா போட்டியா?"

மீன்கள் எப்படியோ பிழைத்தன. நாற்றுதான் பிழைக்கவில்லை.

முதல் தடவை விதையை ஆழமாகப் போட்டுவிட்டார். உள்ளேயே அழுகிப்போனது. இரண்டாம் தடவை அழகாக முளைத்தது. கொண்டையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்து, நிமிர்ந்து, இரட்டை இலையை விரித்தது. ஞானகுமாரி வேலைக்குப் போகும் அவசரத்திலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள். ஒரு காலை எல்லாம் கழுத்து மெலிந்து சாய்ந்து கிடந்தன, யாரோ நூலால் இறுக்கினது போல. அன்றைக்கும் அதற்கு மறுநாளும் பிளாஸ்டிக் தாள் சத்தம் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை அவர் நிதானமாக ஆரம்பித்தார். தென்னைநார்த் தூளை உப்புப் போகும்வரை மாற்றி மாற்றிக் கழுவினார். பால் கவர்களைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, தூளும் சலித்த மணலும் நிரப்பினார். தக்காளி விதையையும் கத்தரி விதையையும் ஈரத்துணியில் முடிந்து வைத்து, பிறகு விரல் நுனியால் மேலாக அழுத்தினார். கவர்களை ஜல்லிமேல் வரிசையாக உட்கார வைத்தார்.

"மேல இருந்து ஊத்தினதுதான் தப்பு ஞானம். கழுத்து ஈரமா இருந்தா அழுகிடுது. ஜல்லியில ஓடுற தண்ணிய அது கீழே இருந்து குடிச்சுக்கும். மேல காஞ்சே இருக்கட்டும்."

"சரிங்க."

"இந்தத் தடவையும் போச்சுன்னா தொட்டிய இடிச்சிடலாம். அந்த இடத்துல நீ துணி காயப் போட்டுக்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் அவளைப் பயமுறுத்தியது. இடித்த பிறகு அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சுவர் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

தவக்காலம் முழுவதும் நாற்று வளர்ந்தது. பெரிய வாரத்தில் இரட்டை இலைக்கு நடுவே உண்மையான இலை, சின்னதாக, ஓரம் வெட்டினது போல, தலை காட்டிற்று. உயிர்த்த ஞாயிறு கழித்துப் பிரித்து நடலாம் என்றார் பாஸ்கல். அதைவிடப் பெரிய அதிசயம், பெரிய வெள்ளிக்கு அவரும் கோயிலுக்கு வருகிறேன் என்றார். கம்பெனி மூடியதிலிருந்து கிறிஸ்மஸுக்கு மட்டும் தலையைக் காட்டிவிட்டு வந்தவர். ஞானகுமாரி அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்தாள்.

பெரிய வெள்ளியன்று அவர்கள் வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள். மண்ணைக் கிளற மாட்டார்கள். ரேடியோ போட மாட்டார்கள். வியாழக்கிழமைப் பூசையோடு கோயில் மணியும் ஓய்ந்துவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதாக ஞானகுமாரிக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் எண்ணம். ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்த வயிறு, முதல் நாள் கூடுதல் வேலை பார்த்த முதுகு, காலையிலிருந்தே நெற்றிப்பொட்டில் ஒரு வலி. கொல்லையில் கர்ர்ர்.

மதியம் தாண்டி இருவரும் புறப்பட்டார்கள். தெருமுனைக்கு வந்ததும் ஜெபமாலையை மறந்துவிட்டேன் என்று அவள் திரும்பி வந்தாள். அது பொய்யில்லை. ஜெபமாலையை எடுத்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

கோயில் மணியே இன்றைக்கு வாய் திறக்கவில்லை, இது மட்டும் ஏன் கத்த வேண்டும் என்று நினைத்தாள். ஆண்டவர் சாகிற நேரம். கொஞ்ச நேரம்தானே. சுவிட்சை அணைத்தாள்.

சத்தம் நின்றது. வீடு அப்படி இருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டிருந்தது. சுவரில் கை வைத்தபடி கண்ணை மூடி நின்றாள். நெற்றியில் யாரோ ஈரத்துணி போட்டது போல இருந்தது. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, தெருமுனையில் காத்திருந்த கணவரிடம் வேகமாக நடந்தாள்.

கோயிலில் ஆண்கள் பக்கம் பாஸ்கல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலரை அவள் இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். நன்றாகத்தான் தேய்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சிலுவைப் பாதை முடிந்து, இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் மாறி மாறி வாசித்தார்கள். மின்விசிறிகள் வெக்கைக் காற்றை இறைத்தன. பாதி கேட்டும் பாதி தூங்கியும் உட்கார்ந்திருந்தவள், சிலுவையில் தொங்குகிறவர் தாகத்துக்குக் கேட்ட இடம் வந்ததும் விழித்துக்கொண்டாள்.

ஜல்லி இந்நேரம் காய்ந்திருக்கும்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கரண்ட் போனதும் அவர் செருப்புகூடப் போடாமல் ஓடுவதையும் பார்த்திருக்கிறாள். எல்லாம் தெரிந்தும் அணைத்தாள். வழிபாடு முடிந்து போய்விடலாம், ஜிலேபி மீன் எதையும் தாங்கும், நாற்றும் ஒரு பொழுது தாங்காதா என்று மனத்துக்குச் சொன்னாள். மனம் கேட்கவில்லை. வெளியே சித்திரை வெயில் வாசற்படியை வறுத்துக்கொண்டிருந்தது. பாதியில் எழுந்து போவதா? அதுவும் இன்றைக்கா? முன்னால் தேவமாதா சொரூபத்தை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். கேட்க முகம்கூட இல்லை.

சிலுவையை முத்தி செய்ய, முத்தமிட்டு வணங்க, எல்லோரும் வரிசையில் எழுந்தபோது அவளும் எழுந்தாள். வரிசை முன்னால் நகர்ந்தது. அவள் பின்னால் நகர்ந்து, வாசற்படி தாண்டினாள். ஆண்டவரே, உம்மை நாளைக்கு முத்தி செய்கிறேன்.

பாஸ்கல் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "என்ன, மயக்கமா?"

"வாங்க போலாம்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. நீளமான, அவசரமே இல்லாத வண்டி. அது போகிற சத்தத்தில்தான் அவளுக்குச் சொல்லத் தைரியம் வந்தது.

"மோட்டாரை நான் நிறுத்திட்டேன்."

"என்ன?"

"மோட்டாருங்க. நிறுத்திட்டு வந்துட்டேன்."

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்!" கத்தினாள். பக்கத்தில் சைக்கிளோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார். "பெரிய வெள்ளியாச்சே, சத்தம் வேணாமேன்னு... இல்ல. அது இல்ல. தலைவலி. எனக்கு அந்தச் சத்தம் தாங்கல. சாமி பேரைச் சொல்லி நிறுத்திட்டேன்."

வண்டியின் கடைசிப் பெட்டி போயிற்று. கேட் தூக்கியதும் பாஸ்கல் ஓடுவார் என்று நினைத்தாள். ஓடவில்லை. கோயிலுக்கு வந்த அதே நடையில், அதைவிடவும் மெதுவாக நடந்தார். இனி ஓடி என்ன என்கிற நடை. அந்த நடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டு, மறுபடி சுவர்ப் பக்கம் வந்து படுக்கிற நடை அது. அவளும் வேகம் குறைத்துக்கொண்டாள். கால்களும் அதையே கேட்டன.

சந்து திரும்பும்போது ஒரு சத்தம். சளக். கொஞ்சம் இடைவெளி. சளக்.

இருவரும் நின்றார்கள். பிறகு பாஸ்கல் ஓடினார்.

வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கூடாரத்தின் மேல் ஒரு நனைந்த சாக்கும், அதன்மேல் ஒரு பழைய புடவையும். உள்ளே தொட்டி விளிம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு வேம்புலியம்மாள். கையில் அவள் வீட்டு ஈயச் சொம்பு. மொண்டாள், ஜல்லியில் ஊற்றினாள். தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, மறுமுனைக் குழாய் வழியே தொட்டியில் விழுந்தது. மறுபடி மொண்டாள். ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. அது தொட்டித் தண்ணீர் இல்லை.

"வந்தீங்களா! நல்லா கும்ட்டீங்களா சாமிய? இன்னிக்கு நான்தான் உங்க ஊட்டு மோட்டாரு. கர்ருனு கத்தாத மோட்டாரு."

"அக்கா..." என்றாள் ஞானகுமாரி.

"நல்லாத் தூங்கிகினு இருந்தேம்மா. லீவு நாளு. திடீர்னு சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு திரும்பிப் படுத்தா தூக்கம் வந்தா தானே! இன்னாடா இது, கரண்டு போச்சான்னு பாத்தா என் ஊட்ல ஃபேன் ஓடிகினு கீது. எட்டிப் பாத்தா மீனுங்க எல்லாம் மேல வந்து வாயப் பொளந்துகினு கீதுங்க. கூப்ட்டேன், யாரும் இல்ல. ஊடு பூட்டிக் கீது. சுவிட்ச உள்ள வச்சிகினு போயிட்ட நீ. நைனா ஊத்துவியே, அத்த பாத்திருக்கேன் இல்ல. அதான். சிரிச்சிகினு இருந்தவ கைக்கே வந்துச்சு பாரு."

"கொடுங்கக்கா, நான் ஊத்தறேன்." பாஸ்கல் சொம்பை வாங்கி மொள்ள ஆரம்பித்தார்.

வேம்புலியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யோவ், போயி சுவிட்சப் போடுய்யா மொதல்ல! ஊத்தறேன்றான்!"

ஞானகுமாரி ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். கர்ர்ர் என்று அது ஆரம்பித்ததும், வேம்புலியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆங். இந்தச் சனியன் சத்தத்தக் கேக்கறதுக்கு நல்லாத்தான் கீது இன்னிக்கி."

பிறகுதான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மற்றவை அடியில் மெல்ல நகர்ந்தன. வெயில் பக்கத்துத் தக்காளி நாற்றுகள் கவர் ஓரத்தில் தலை மடிந்து கிடந்தன. அவை இனி எழுந்திருக்காது. ஒரு வரிசைக் கவர்கள் கவிழ்ந்திருந்தன. "அது நான்தான், புடவை தட்டிடுச்சு" என்று வேம்புலியம்மாள் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கத்தரி நின்றது. உள்பக்கத் தக்காளியில் பாதி நின்றது, வாடிய முகத்தோடு.

பாஸ்கல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கவராகத் தொட்டுப் பார்த்தார். ஞானகுமாரி கூடாரத்துக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார், சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார் என்று காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள்.

அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார். "ரொம்ப நாளாவே தாங்கலையா?"

"எது?"

"சத்தம்."

"ஆரம்பத்துல இருந்தே" என்றாள்.

"சொல்லவே இல்லியே நீ."

"நீங்க எழுந்திரிக்கிறீங்களே..." என்றாள். "அது நின்னா நீங்க திரும்பவும்..."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்கல் கவிழ்ந்து கிடந்த ஒரு கவரை நிமிர்த்தி, சிந்திய தூளை விரலால் அள்ளி அதன் காலடியில் போட்டார். வெகு நேரம் அதையே செய்தார். அந்த நாற்றுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

"தே, புருசன் பொஞ்சாதி பேசறத அப்பால பேசுங்க" என்றாள் வேம்புலியம்மாள். "கோயில் கஞ்சி எங்க? வருசா வருசம் தூக்குல கொணாந்து தருவியே. அத்த நம்பி நான் ஒலகூட வெக்கல."

ஞானகுமாரிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தூக்குப் பாத்திரம் கோயில் தூணோரம் வைத்தபடியே இருந்தது. சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் நீரும் வந்தது. உள்ளே போய் நொய்யும் பாசிப்பருப்பும் கழுவி உலையில் போட்டாள். தேங்காய் கொஞ்சம் இருந்தது. தன்னுடைய ஒருசந்திச் சாப்பாட்டுக்காக எடுத்து வைத்திருந்த துவையலையும் எடுத்துக்கொண்டாள். கொல்லையிலேயே மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தார்கள். முதல் தட்டு வேம்புலியம்மாளுக்கு. வலது கை தூக்கவில்லை என்று அவள் இடது கையால் குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள். "கோயில்ல நல்லா செய்வாங்க."

சிலுவையை முத்தி செய்யாமல் வந்த குறை ஞானகுமாரியின் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. கஞ்சி ஊற்றியபோது வேம்புலியம்மாளின் கையைப் பார்த்தாள். நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிப்போன உள்ளங்கை. சொம்பின் விளிம்பு அழுத்திய இடத்தில் சிவந்த கோடு. அந்தக் கையை ஒரு நிமிஷம் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லக்கா."

பாஸ்கல் தட்டை வைத்துவிட்டு எழுந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தார். வயர் வரும் வழியை விரலால் அளந்தார். பிறகு வேலியைப் பார்த்தார், வேம்புலியம்மாள் பிய்த்த ஓட்டையை. "இன்னிக்கு ஆணி அடிக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை ஞானகுமாரி எழுந்திருக்கவே முடியாதவளாகக் கிடந்தாள். உடம்பு முழுக்க வலி. கண்ணைத் திறக்காமல் காதை வைத்தாள். பிளாஸ்டிக் தாள் சலசலக்கவில்லை. பிறகு ஒரு சத்தம். டொக். டொக். மோட்டார் சத்தத்துக்கு மேலே, சுவரில் இறங்கும் சுத்தியல்.

போய்ப் பார்த்தாள். பழைய கம்பெனி டூல் பையை அவர் மறுபடி தோளில் மாட்டியிருந்தார். சுவிட்ச் சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. கொல்லைச் சுவரில், வேலி ஓட்டையிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், மழை படாமல் மேலே ஒரு தகரத் துண்டும் வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டை அப்படியே இருந்தது. அதன் ஓரத்து முட்களை மட்டும் வெட்டிச் சீர்படுத்தியிருந்தார்.

வேம்புலியம்மாள் அந்தப் பக்கம் பல் துலக்கிக்கொண்டு நின்றாள். "இன்னா நைனா இது, எனக்குப் பூசாரி வேலையா?"

"நாங்க இல்லாதப்ப மோட்டார் நின்னிருந்தா போட்டு விடுங்கக்கா."

"போடறேன். சத்தம் தாங்கலன்னா நிறுத்தவும் நிறுத்துவேன், சொல்லிட்டேன்."

"நிறுத்துங்க. ஆனா திரும்பப் போட்டுடணும்."

"தோ, இவ மட்டும் இன்னா, திரும்பப் போடாமயா வுட்டா? கோயில் கஞ்சியக் கூட வுட்டுட்டு வந்தா இல்ல!" என்று கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

பாஸ்கல் கடைசித் திருகாணியை முடுக்கினார். "ஞானம், ஒரு தடவை அமுக்கிப் பாரு" என்றார்.

அவள் அணைத்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் கொல்லை அமைதியாக இருந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். பிறகு அவளே போட்டாள்.